முகப்பைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோமா?

தமிழ்நாட்டில் சேசு சபையார் கட்டிய கோயில்களைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கட்டுரைதான். கோதிக் பாணி, ஊசிக் கோபுரம், வண்ணக் கண்ணாடி, 'பிரான்சில் உள்ள இன்ன கோயிலைப் போலவே கட்டப்பட்டது' என்று ஒரு வரி, டிரோனில் எடுத்த ஒரு படம். படத்தில் ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். நானும் இந்தக் கோயில்களைப் பார்ப்பதற்காக வருஷத்துக்கு இரண்டு பயணமாவது போகிறவன்தான். ஊசிக் கோபுரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்டடக்கலை என்று பேச ஆரம்பித்தால் இன்னொரு கேள்வி வர வேண்டாமா? இந்தக் கட்டடத்துக்குள் யார் எங்கே நின்றார்கள்? யாரால் யாரைப் பார்க்க முடிந்தது? அதைக் கேட்காமல் முகப்பை மட்டும் ரசிப்பது, புத்தகத்தின் அட்டையைப் பார்த்து மதிப்புரை எழுதுவது மாதிரி.

முதலில் ஒரு சின்ன திருத்தம். பழைய கத்தோலிக்கக் கோயில் எல்லாமே சேசு சபை கட்டியது இல்லை. மயிலாப்பூர் லஸ் கோயில் பிரான்சிஸ்கன் சபையாருடையது. பல பட்டியல்களில் எல்லாம் கலந்துகட்டி வருகிறது. யார் கட்டினார்கள் என்பது முக்கியம், ஏனென்றால் சேசு சபைக்குக் கோயில் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி ஒரு தெளிவான எண்ணம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இருக்கும் பாகாயத்தில் சேசு சபையின் தடயம் எதுவும் இல்லை. இங்கே கிறித்தவம் என்றால் சி.எம்.சி. கல்லூரி வளாகம், அதற்குப் பின்னால் அமெரிக்கன் ஆற்காடு மிஷன். எல்லாம் சீர்திருத்த சபை வழி வந்தது. டவுன் பஸ்ஸில் கோட்டைக்குப் போனால் உள்ளே 1846-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் நிற்கிறது. சேசு சபையார் வேலூருக்கு வந்ததே இல்லை என்றுதான் இதையெல்லாம் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

வந்திருக்கிறார்கள். அதுவும் 1600-களின் தொடக்கத்திலேயே. விஜயநகரத்து அரவீடு வம்சத்து இரண்டாம் வேங்கடன் சந்திரகிரியில் இருந்தபோது 1598-இல் அவர்கள் அங்கே போனார்கள். அரசவை வேலூருக்கு வந்தபோது கூடவே வந்தார்கள். ஃபோன்டெபுவோனா என்ற இத்தாலிய சேசு சபை ஓவியர் வேலூர் அரசவையில் படம் வரைந்திருக்கிறார். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் யாளியைப் பார்த்துவிட்டு, அதே கோட்டைக்குள் ஒருத்தர் மாதா படத்துக்கு வண்ணம் குழைத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நாம் இன்று கோட்டை சுற்றிப் பார்க்கும்போது எந்த கைடும் இதைச் சொல்வதில்லை. ஹென்றி ஹேராஸ் 1927-இல் எழுதிய அரவீடு வம்ச வரலாற்றில் சேசு சபைக் கடிதங்களை வைத்து இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார். ஹேராஸே ஒரு சேசு சபைச் சாமியார், பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் இருந்தவர். அந்த வேலூர்ப் பணி சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனது. நிற்கும் கட்டடமாக எதுவும் இல்லை, காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் சேசு சபைக் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வழியில்லை.

இப்போது அந்த எண்ணத்துக்கு வருகிறேன். ரோமில் சேசு சபையின் தாய்க்கோயிலான ஜேசுவை விக்னோலா 1568-இல் தொடங்கினார். அதில் அவர் செய்த முக்கியமான காரியம், கூடத்தைத் தூண் வரிசைகளால் மூன்றாகப் பிரிக்காமல் ஒரே அகன்ற கூடமாக விட்டது. பக்கத்தில் சிறு பீடங்கள் உண்டு, ஆனால் ஜனங்கள் நிற்பது ஒரே இடத்தில். காரணம் எளிது. சேசு சபைக்குப் பிரசங்கம் முக்கியம், பூசை எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். தூண் மறைக்கக் கூடாது, குரல் சிதறக் கூடாது. கோவாவில் 1605-இல் அபிஷேகமான போம் ஜேசுவிலும் அதே ஒற்றைக் கூடம்தான். (அந்தச் செம்பாறைச் சுவரின் 'பழமை அழகை'ப் புகழ்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சுண்ணாம்புப் பூச்சை உரித்தெடுத்தது 1950-களில். அதற்கு முன்னால் அது பூசிய கோயில். மழையில் அந்தக் கல் கரைவது பற்றித்தான் இப்போது கவலைப்படுகிறார்கள்.)

ஆக, சேசு சபைக் கட்டடக்கலையின் அடிப்படை, மறைக்கப்படாத ஒரே கூடம். அந்தக் கூடத்தைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தால் என்ன ஆகும்?

1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி, காவி கட்டிய சந்நியாசியாக மேல்சாதியினரிடம் மட்டும் போனார். மற்றவர்களுக்கு என்று 1640-இலிருந்து பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்கள் வந்தார்கள். கூடம் பிரிவதற்கு முன்னாலேயே சாமியார்கள் பிரிந்தாயிற்று. இதைப் 'பண்பாட்டுமயமாதல்' என்று பாராட்டும் நூல்கள் நிறைய. பாதி உண்மைதான். வீரமாமுனிவரின் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா புடவை கட்டி நிற்பதையும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவை ஊர் தன் அம்மனைப் போலவே கொண்டாடுவதையும் பார்த்தால் மனசு இளகும். ஆனால் தமிழ்நாட்டுப் பண்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது புடவை மட்டும் இல்லை.

புதுச்சேரி சம்பா கோயில் இதற்கு நல்ல சாட்சி. பெயரே அழகு: புனித பவுலுக்குப் போர்த்துக்கீசியத்தில் சாவ் பவுலோ, அது தேய்ந்து சம்பாவாகிவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு விஷயத்தைக் குறிக்கிறார். கோயிலுக்குள் வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியர்களும். பறையர்கள் பெரிய பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான், 1744-இல், தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டுக்கே போய் நோயாளிகளுக்குத் திருச்சடங்கு கொடுக்க வேண்டும் என்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணையிட்டிருந்தார். ரோமிலிருந்து ஓலை வந்தது, உள்ளூரிலிருந்து முறையீடு வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான். கேட்டவர்கள் கேட்டதால் விழுந்த சுவர் அது.

மூன்று வருஷம் கழித்து, 1748 ஆங்கிலேய முற்றுகையின்போது, பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசு சபையார் ரொம்ப நாளாக வேண்டிக்கொண்டிருந்த காரியம். அதையும் பிள்ளை வேதனையோடு எழுதுகிறார். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கியபோது சம்பா கோயிலும் போனது. இன்று மிஷன் தெருவில் நாம் படமெடுக்கும் முகப்பு 1791-இல் அபிஷேகமான கோயிலுடையது. அதற்குள் 1773-இல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார், பொறுப்பு பாரீஸ் மிஷன் சாமியார்கள் கைக்குப் போயிருந்தது. 'சேசு சபைக் கட்டடக்கலைக்கு எடுத்துக்காட்டு' என்று அந்த முகப்பின் கீழ் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

1814-இல் சபைக்கு மறுபடி உயிர் வந்தது. 1838 வாக்கில் பிரெஞ்சுச் சேசு சபையார் மதுரைப் பக்கம் திரும்பி வந்தார்கள். நம் ஹெரிட்டேஜ் பதிவுகளில் வரும் கோயில்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரவில் எழுந்தவை. மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894-இல் ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுச் சாமியார் ரீம்ஸ் பேராலயத்தை மனசில் வைத்துக் கட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ரீம்ஸ் கல்லால் ஆனது. வைகைக் கரையில் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? வகைவகையான அச்சில் செங்கல் வார்த்து, கல் செதுக்கு வேலை செய்ய வேண்டியதைச் செங்கல்லே செய்யும்படி பார்த்துக்கொண்டார். இது நகல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாத வேலை. உள்ளூர்ச் சூளைக்காரனும் கொத்தனும் இல்லாமல் நடந்திருக்காது, அவர்கள் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

திருச்சி லூர்து மாதா கோயில் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தெப்பக்குளத்தருகே, உச்சிப்பிள்ளையார் பாறைக்கு எதிரே நிற்கிற இடம் பிரமாதம், அந்தத் துணிச்சலுக்கு மதிப்பெண் போடலாம். 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியின் மதிப்பை ஊருக்குச் சொல்லும் கோபுரம் அது. ஆனால் பிரான்ஸ் லூர்தில் மலைச் சரிவில் ஏறி நிற்பதற்கான வடிவத்தைச் சமதளத்தில் வைத்தால் உயரம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இனி வடக்கன்குளம். போன முறை காவல்கிணறு பக்கம் இறங்கி, காற்றாலைகளுக்கு நடுவே போனபோது ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் கூட வந்தான். சி.எஸ்.ஐ.க்காரன். கத்தோலிக்கக் கோயில் பார்க்க இவ்வளவு தூரமா என்று வழியெல்லாம் கேலி பண்ணிக்கொண்டே வந்தவன்.

திருக்குடும்ப ஆலயம் 1872-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஊருக்குக் கிறித்தவ வரலாற்றில் அதைவிடப் பழைய இடம் உண்டு: தேவசகாயம் பிள்ளை 1745-இல் புத்தாரி என்ற சேசு சபைச் சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான். 2022-இல் அவர் புனிதரானார். அந்தப் பெருமையை எல்லாரும் எழுதுகிறார்கள். கோயிலின் பிளானைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இல்லையென்றால் இன்னும் குறைவாக இருந்திருக்கும்.

பிளான் இதுதான். இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேருகின்றன. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி, அதனால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவில் தடுப்பு. முன்னிருந்த கோயிலில் யார் எங்கே உட்காருவது என்று தீராத சண்டை, அதற்குக் கட்டடக்கலை கண்டுபிடித்த சமாதானம் இது.

உள்ளே நின்று யோசித்தால்தான் இதன் கெட்டிக்காரத்தனம் புரியும். ரோமின் ஜேசு கோயில் விதித்த நிபந்தனை என்ன? பீடம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இங்கே தெரிகிறது. இரண்டு காலிலும் கடைசி வரிசையில் நிற்பவனுக்குக்கூட நேர் எதிரே பீடம். குறுக்கே தூண் இல்லை. ஒரே பூசை, ஒரே சாமியார், ஒரே அப்பம். சபையின் விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் தெரிவது பீடத்தில் திரும்பி நிற்கும் சாமியாருக்கு மட்டும்.

தமிழ்நாட்டில் சேசு சபையார் கட்டியதில் எந்த ஐரோப்பியக் கோயிலையும் பார்த்துச் செய்யாத, இந்த மண்ணிலேயே யோசித்துக் கண்டுபிடித்த வடிவம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இடைக்காட்டூர் அழகான மொழிபெயர்ப்பு. வடக்கன்குளம் அசல். அந்த அசல் சாதிக்காகப் பிறந்தது என்பதால் அதைக் கட்டடக்கலைப் பட்டியலிலிருந்து தள்ளிவைத்து, 'சமூக வரலாறு' என்ற வேறு அலமாரியில் வைத்துவிடுகிறோம். அப்படி வைப்பது முகப்பு ரசனைக்கு ரொம்ப வசதி.

நண்பன் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தான். "இன்னாணா இது, ரெண்டு கோயிலை ஒட்டவெச்ச மாதிரி கீது" என்றான். நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "சரிணா, இதுல எங்காளுங்க எந்தக் கால்ல நின்னிருப்பாங்க?" என்றான்.

அந்தக் கேள்வி எந்தக் கட்டடக்கலைக் கட்டுரையிலும் வந்ததில்லை. வழக்கு போட வசதி இருந்தவர்களின் சண்டைதான் ஆவணமாகியிருக்கிறது. கோயிலின் வடிவமே இரண்டு வரைக்கும்தான் எண்ணுகிறது. அவனுக்கு இதைப் படிக்கப் பயிற்சி வேண்டியதில்லை. அவன் அப்பா தோல் ஷாப்பில் இருந்தவர். "ஒரு ஷாப்புக்குள்ள போனா சுண்ணாம்புக் குழிகிட்ட யாரு நிக்கிறா, ஈரத் தோலைத் தூக்குறது யாரு, ஃபேன் கீழ ஒக்காந்து கணக்கு எழுதுறது யாருன்னு பாத்தா போதும்ணா, முதலாளி எதுவும் சொல்ல வேணாம்" என்றான். கோயிலையும் அப்படித்தான் பார்க்கிறான். எனக்கு அது எந்தப் பாணிப் பெயரையும்விடக் கூர்மையான முறையாகத் தோன்றியது.

அவனோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது, இடித்துவிட்டு நேராக ஒன்று கட்டியிருக்கலாமே என்கிறான். கூடாது என்பேன். இடித்துவிட்டால் அப்புறம் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வது சுலபம். அதே போல, 'அந்தக் காலத்தில் வேறு வழியில்லை, இல்லாவிட்டால் ஒரு சாதியே பிரிந்து போயிருக்கும்' என்கிற சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை. புதுச்சேரியில் 127 வருஷம் முன்னாலேயே ஒரு சுவர் இடிபட்டிருக்கிறது. வழி இருந்தது, தெரிந்தும் இருந்தது.

வடக்கன்குளத்திலும் வழி பிறந்தது, இன்னொரு சேசு சபைச் சாமியாராலேயே. பங்குச் சாமியாராக இருந்த கௌசானல் 1910-இல் தடுப்பை அகற்றினார். பாளையங்கோட்டையில் இருதய சகோதரர் சபையைத் தொடங்கியவர் அவர்தான். வேளாளர் தரப்பு தங்கள் பக்கம் தங்களுக்கே உரியது என்று நீதிமன்றம் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் ஒரு இடத்தைச் சாதிக்கு என்று சட்டப்படி உரிமை கோர முடியாது என்று ஆனது. ஒரு பிளானைப் பற்றிய விமர்சனம் நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

தடுப்பு போனாலும் வடிவம் போகாது. செங்கல்லும் சுண்ணாம்பும் அப்படித்தான், ஒரு தடவை சாய்த்துக் கட்டினால் சாய்ந்தே இருக்கும். கூட வருகிறவருக்கு ஏன் இரண்டு கால் என்று தெரியாவிட்டால், இது ஏதோ வினோதமான ஐரோப்பிய வடிவம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப் படமெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது போன்ற கோயில்களில் வாசலில் ஒரு பலகை வைத்தால் நல்லது: கட்டிய ஆண்டு, கட்டிய சாமியார் பெயர் இவற்றோடு ஒரு பிளான், அதில் யார் எங்கே நின்றார்கள், எந்த ஆண்டுவரை என்று. அதற்கு ஒன்றும் பெரிய செலவாகாது.

திருச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. லூர்து மாதா கோயிலைப் படமெடுத்து முடித்த பிறகு மேலப்புதூர் வரை போய்வாருங்கள், ஊருக்குள்ளேயேதான். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைத் தனியாகப் புதைக்க எழுப்பிய சுவர் பல தடவை பத்திரிகைச் செய்தியானது. அது சேசு சபை கட்டியது என்று நான் சொல்லவில்லை. ஊசிக் கோபுரத்துக்கு எத்தனை படம் எடுத்தீர்களோ, அதில் ஒன்றாவது அதற்கும் எடுங்கள்.